நறுக்குன்னா என்ன?

சமயநல்லூரில் உள்ள ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒடிசாவிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். வெளிமாநிலத்தாருக்குத் தமிழ் சொல்லித் தருவது என் தொழில் என்பதால் அவருக்கும் என்னை ஏற்பாடு செய்தார்கள். பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது. கேட்பதுதான் வரவில்லை. நான் பேசினால் புரியும். நோயாளி வாயைத் திறந்தால் முகம் வெளுத்துவிடும்.

அதனால் தினமும் காலையில் அவர் நோயாளி பார்க்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். ஒரு நிபந்தனை போட்டார்: "நான் கேட்காம நீங்க அர்த்தம் சொல்லக் கூடாது. சொன்னா என் காது சோம்பேறி ஆயிடும்."

ஒருநாள் முற்பகல், நடுத்தர வயது விவசாயி ஒருவரை அவர் மனைவி தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார். உட்கார வைக்கும் முன்பே அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

"வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனாரும்மா. வரப்புல முள்ளு குத்திருச்சு, நறுக்குன்னுச்சுன்னாரு. வந்து கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தவரு ஒரு மாதிரியா வருதுங்கிறாரு, வாந்தி வேற. வெயிலு ஒத்துக்கிரலையோ என்னமோ. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, அம்புட்டுத்தேன்."

எல்லாம் ஒரே மூச்சில். வெயில்தான் என்று நானும் நினைத்தேன். "டாக்டர், டிரிப்ஸ் போட்ரவா?" என்று கேட்ட நர்ஸ் அதற்குள் பாட்டிலை எடுத்திருந்தார்.

டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வராந்தாவில் கூட்டம் முணுமுணுத்தது. அந்தம்மா என்னைப் பார்த்து, "இவுகளுக்குத் தமிழ் தெரியுமாம்மா?" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நறுக்குன்னா என்ன?"

"திடீர்னு வலிக்கிறது. முள் குத்தினா வருமே, அது."

"முள் குத்தினா 'சுருக்'குன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

முள் சுருக்கென்று குத்தும். நறுக்கென்பது கடிக்கிற சத்தம். முள் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அடுத்த சொல்லை என் காது தாண்டிப் போயிருந்தது. டாக்டருக்கு எல்லாச் சொல்லும் புதுசு. எதையும் தாண்டத் தெரியவில்லை.

"அம்மா, முள்ளக் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்கிட்டுப் பாக்க? புல்லு மண்டிக் கெடக்கு."

"ஐயா, கண்ண நல்லாத் தொறங்க."

அவர் முயன்றார். நெற்றி சுருங்கியதே தவிர இமை மேலே ஏறவில்லை. "தூக்கந் தூக்கமா வருது" என்றார், நாக்கு தடித்துப்போன குரலில். டாக்டர் குனிந்து வேட்டியை விலக்கினார். கணுக்காலுக்கு மேல் வீக்கம், நடுவில் இரண்டு புள்ளி.

"பாம்பு!"

"ஆத்தி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் அந்தம்மா. நகம் பதிந்தது. விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கும்போதே விவசாயிக்கு எச்சில் விழுங்க முடியாமல் போயிற்று. ஆம்புலன்ஸ் வந்ததும் டாக்டரும் உடன் ஏறிக்கொண்டார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை மூச்சு தாங்க வேண்டுமே என்று நான் வராந்தாவிலேயே நின்றேன். எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சாயங்காலம்தான் போன் வந்தது. மூச்சு மெஷினில் இருக்கிறார், உயிர் இருக்கிறது.

மறுநாள் பாடம் நடக்கவில்லை. டாக்டர் டீ டம்ளரை மேசையில் வைத்தார். "அந்த ஒரு வார்த்தை காதுல விழாமப் போயிருந்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சில வாரம் கழித்து அந்த விவசாயி நடந்தே வந்தார். காலில் கட்டு, முகத்தில் வெட்கம். மனைவி பை நிறையக் கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"சரித்தா, சரித்தா" என்று சிரித்துவிட்டு, அந்தம்மா இன்னும் வேகமாகப் பேசினார்.