நாடாவுக்கு அந்தப் பக்கத்துக் காலடிகள்

கதிரவெளிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் ஊர். கிழக்கில் சண்டை ஓய்ந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, ஊரில் பாதியைச் சிவப்பு நாடா கட்டி அடைத்திருந்தார்கள். பார்க்கும் இடமெல்லாம் மண்டையோடு போட்ட பலகை. கண்ணிவெடி எடுக்க வந்த நிறுவனத்துக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. ஆங்கிலம் தெரிந்தவள் என்று ஊர் என்னைக் காட்டிவிட்டது. என் ஆங்கிலத்தின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். ஆனாலும் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு சேர்ந்துவிட்டேன்.

வீடு என்றால் நானும் அக்காவும்தான். அத்தானைச் சுனாமி கொண்டுபோனது, உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகளின் உடல் கிடைத்தது. அவளை வாவிக்கரை மணல்மேட்டில் புதைத்து, தலைமாட்டில் ஒரு பூவரசங்கொப்பை அக்கா தன் கையால் நட்டாள். பிறகு சண்டை வந்தது, ஓடினோம். திரும்பி வந்தபோது கொப்பு மரமாகி நின்றது, நாடாவுக்கு அந்தப் பக்கத்தில். நாடாவருகில் நின்றால் அதன் மஞ்சள் பூக்கள் தெரியும். அக்கா தினமும் வந்து நின்று பார்ப்பாள்.

அந்த மாரியில்தான் காலடிகள் தென்பட்டன.

வலை பார்க்கப்போன ஒருவர் முதலில் கண்டார். இரவு முழுக்க மழை பெய்து மணல் படிந்து கிடந்த காலை. நாடாவுக்கு அப்பால், புல் முடிகிற இடத்தில் தொடங்கி, பூவரசு வரைக்கும் வெறுங்கால் தடம். சின்னக் கால். போன தடம் மட்டும் இருந்தது. வந்த தடம் இல்லை. மறுநாள் மழை பழையதை அழித்துவிட்டிருந்தது. புதிதாக அதே தடம், அதே போக்கு, அதே மரத்தடியில் முடிவு.

ஊர் கூடிவிட்டது. "புள்ளைக்குப் பசிக்குது கா, அதுதான் நடந்து திரியுது" என்றாள் பக்கத்து வளவுப் பெண். யாரோ நாடாவின் ஓரத்தில் பிஸ்கட் வைத்தார்கள். விடிந்ததும் அது இல்லை. ஊரில் நாயும் காகமும் இருக்கின்றன என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எனக்குப் பேய்க்கதை பிடிக்காது. சுனாமியும் ஷெல்லும் செய்யாத எதைப் பேய் வந்து புதிதாகச் செய்துவிடப்போகிறது என்பது என் கட்சி. அப்படியிருந்தும் அந்த ஈர மணலில் கால்விரல் ஐந்தும் தெளிவாகப் பதிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. பொய் சொல்லி என்ன பயன், பயந்துதான் போனேன்.

எங்கள் குழுவின் மேற்பார்வையாளர் ஒரு ஜப்பான்காரர். தன் நாட்டில் பனிமலையில் வேலை பார்த்தவர். காலில் பலகை கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி இறங்குவது அங்கே ஒரு விளையாட்டாம். அதற்குக் காசு கொடுத்து வருவார்களாம். பனியை நான் கலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். அவர் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தங்கள் மலையிலும் காலையில் இப்படித்தான் காண்போம் என்றார். அங்கே எல்லைக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சறுக்கலாம், அந்தப் பக்கம் கூடாது. பனி சரிந்தால் ஆளையே மூடிவிடும். ஆனாலும் புதுப்பனி பெய்த காலையில் கயிற்றின் கீழே புகுந்து ஒரு தடம் போயிருக்கும். திரும்பிய தடம் இருக்காது. அதன் பின்னால் போய்த் தேடுவதுதான் தன் வேலை என்றார்.

"தேடிப் போனால் ஆள் இருப்பாரா?" என்று கேட்டேன்.

சிலவேளை வேறு வழியால் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருப்பார்கள் என்றார். மற்றச் சிலவேளையைப் பற்றி அவர் சொல்லவில்லை.

வேறு வழி என்ற சொல் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் விடியும்போதே எழும்பினேன். அக்காவின் பாய் வெறுமையாகக் கிடந்தது. வாவிக்கரைக்கு ஓடினேன். தூறலுக்குள் தண்ணீரிலிருந்து ஒரு உருவம் எழும்பி வந்தது. இடுப்புவரை நனைந்த சேலை, முகத்தில் ஒட்டிய மயிர். ஒரு கணம் நானும் ஊராரைப் போலவே நினைத்துவிட்டேன். கிட்ட வந்தபோது அக்கா.

போவது மணலால், வருவது வாவித் தண்ணீருக்குள்ளால். அதனால்தான் திரும்பிய தடம் இல்லை. அக்கா சின்ன ஆள், கால் எனக்கே பாதிதான்.

"உனக்கென்ன விசரா?" என்று கத்தினேன். "கால் போனா ஆரு பாக்கிற?"

"கத்தாத புள்ள. மாடு போன தடத்தாலதான் போறன். மாட்டுக்கு ஒண்டும் ஆகல்லத்தானே" என்றாள்.

எங்கள் ஊரில் இது எல்லோரும் நம்பிய கணக்கு. பட்டி மாடுகள் நாடா பார்த்தா மேய்கின்றன? அவை போய்வந்த தடத்தில் விறகுக்கும் தேனுக்கும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நானும் அக்காவை நம்பினேன். இனிப் போகமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதையும் நம்பினேன்.

ஜப்பான்காரரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. தங்கள் ஆட்களும் முன்னால் போனவன் தடத்தைப் பார்த்துத்தான் போவார்கள் என்றார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பனிக்குத் தெரியாது. ஒன்பது பேரைத் தாங்கிவிட்டுப் பத்தாவது ஆளுக்குச் சரியும். மழை பெய்து மண் இளகினால் வெடியும் அப்படித்தான், நேற்று ஆழத்தில் கிடந்தது இன்று மேலே வந்துவிடும். முன்பு அவர்கள் மலையில் கயிற்றைத் தாண்டவே கூடாது என்றுதான் சட்டம். பிடித்தால் சறுக்கும் அனுமதிச் சீட்டைப் பறிப்பார்கள். அப்படியும் தாண்டினார்கள், செத்தார்கள். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். கயிற்றில் சில இடங்களில் வாசல் வைத்தார்கள். காலையில் அவர்கள் போய்ப் பனியைப் பார்த்து, சரி என்றால் வாசலைத் திறப்பார்கள், இல்லையென்றால் பூட்டுவார்கள். வாசலால் போகலாம், வேறெங்கும் கயிற்றைத் தூக்கினால் மன்னிப்பில்லை. போகாதே என்று மட்டும் சொன்னால் மனிதர் கேட்கமாட்டார்கள், இந்த வழியால் போ என்றும் சொல்லவேண்டும் என்றார்.

ஆகவே எங்கள் நாடாவிலும் ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று நின்றார். நகரத்து அலுவலகம் மறுத்தது. முதலில் கிணறு, பள்ளிக்கூடம், வயல்; இடுகாடு கடைசியில் என்றது. அவர் விடவில்லை. சுனாமி நினைவு நாளுக்குள் பூவரசு வரைக்கும் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் ஒரு வழி துப்பரவு செய்ய அனுமதி வாங்கிவிட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

பாதி வழியில் வெடி தேடும் கருவி கத்தியது. வேலையை நிறுத்திவிட்டு ஜப்பான்காரர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளைக்கல் அடுக்கிய துப்பரவான ஓரத்தில் நிறுத்திக் காட்டினார். மணலுக்கு மேலே வெடியின் விளிம்பு சாயம் போன மூடி மாதிரித் தெரிந்தது. அதைச் சுற்றிலும் காலடிகள். சின்னக் காலடிகள். நேற்றைய மழைக்குப் பிறகு பதிந்தவை.

அக்கா போவதை நிறுத்தியிருக்கவில்லை. ஆனால் அவர் காட்டியது வேறு. நடந்துபோகிறவர் கால் இப்படிப் பதியாது என்றார். இரண்டு பாதமும் சேர்ந்து, ஆழமாக, வெடியைப் பார்த்தபடி பதிந்திருந்தன. ஒருவர் இங்கே நெடுநேரம் நின்றிருக்கிறார் என்றார். ஏன் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. காற்று நின்றுபோயிருந்தது, வாவியில் ஒரு சத்தமும் இல்லை, பூவரசில் ஒரு இலைகூட அசையவில்லை. எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது.

வெடியை அந்த இடத்திலேயே வைத்து வெடிக்கவைத்தார்கள். சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. வீட்டுக்குப் போனேன். அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது.

நினைவு நாளன்று வாசலைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் அடுக்கி, நடுவில் சுத்தமான மணல். அந்த மேட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் புதைத்த எல்லோரும் வந்தார்கள். சாம்பிராணி, விளக்கு, பலகாரம். நாடாவருகில் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் அழுதுகொண்டே உள்ளே போனார்கள். அக்கா மட்டும் வாசலில் நின்றாள். புதுச்சேலை உடுத்தியிருந்தாள். கையில் விளக்கு இருந்தது, கொளுத்தவில்லை.

"உள்ள போ கா. உனக்காகத்தானே இவ்வளவும் செய்தவங்க" என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவள் பாதி வழியில் புது மணல் போட்டு மூடியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுத்தடமெண்டு உனக்குச் சொன்னது பொய். அது அங்க கிடக்கிறது எனக்குத் தெரியும். மழைக்கு மேல தெரிஞ்சது. ஒவ்வொரு நாளும் அதுக்குக் கிட்டப் போய் நிண்டன். மிதிக்கக் கால் வரல்ல புள்ள. வராட்டி, மரத்தடிக்குப் போய், நாளைக்கு வாறன் மகளெண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

அவள் கையிலிருந்த விளக்கை வாங்கி மணலில் வைத்தேன்.

"இப்ப அதையும் எடுத்துப்போட்டியள்" என்றாள். "இனி நான் எப்பிடி அவக்கிட்டப் போற?"

பின்னால் நின்ற ஜப்பான்காரர், அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த மணலிலேயே உட்கார்ந்து அக்காவின் கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

"விடுடி, ஆக்கள் பாக்குதுகள்" என்றாள்.

நான் விடவில்லை.