அடுப்பில் பற்றவைத்த சுருட்டு

யாழ்ப்பாணத்து மண்டபமொன்றில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்திருந்து புகைத்தலுக்கு எதிரான சுவரொட்டிகள் வரைந்துகொண்டிருந்தார்கள். பயிற்சி நடத்த வந்தவள் நான். எல்லாத் தாள்களிலும் கறுத்த நுரையீரல். வாசலில் காவலாளி சுருட்டொன்றைப் பற்றவைத்தார். அந்த மணம் என்னை எங்கள் நீர்வேலி வீட்டுக் குசினி அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்தியது.

வாழைத்தோட்டத்திலிருந்து வரும் என் தகப்பனார் கால் கழுவுமுன்னரே குரல் கொடுப்பார். "பிள்ளை, உந்தச் சுருட்டை ஒருக்கால் பத்தவைச்சுக்கொண்டு வா."

சுருட்டின் நுனியை அடுப்புத் தணலில் பிடிப்பேன். முற்றம் கடக்குமுன் அணைந்துவிடும் என்பதால் வாயில் வைத்து இழுத்துக்கொண்டே ஓடவேண்டும். கண் எரியும், தொண்டை கசக்கும். அதை ஒருவரும் புகைத்தல் என்று சொன்னதில்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை என்றுதான் சொன்னார்கள்.

பத்து வயதில் ஒருநாள் சுருட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். "எனக்கு ஏலாது ஐயா. நீங்களே பத்தவையுங்கோ."

கையை ஓங்கினார். நான் அசையவில்லை. கை மெல்ல இறங்கியது. அன்றிலிருந்து அவரே எழுந்து குசினிக்குப் போனார்.

"உங்களிலை ஆரை வீட்டிலை சிகரெட் வாங்க அனுப்பிறவை?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு மாணவி அதைச் சிங்களத்திலும் சொன்னாள். மண்டபத்தின் எல்லாப் பக்கமும் கைகள் உயர்ந்தன.

"அப்ப நுரையீரலை விடுங்கோ. வீட்டுக்கு எழுதுவம்."

அப்பா என்றும், வாப்பா என்றும், சிங்களத்தில் தாத்தா என்றும் தகப்பன்மாரை விளித்து எழுதினார்கள். மீதி வரி எல்லாத் தாளிலும் ஒன்றுதான்: இனி நான் வாங்கித் தரமாட்டேன்.