புரட்டாசியில் ஒரு சீஸ் பலகை

மாலையில் விருந்தினர் வருகிறார்கள். லண்டனில் வேலை செய்யும் மகள், இப்படி அடுக்குங்கள் என்று ஒரு படம் அனுப்பினாள். அங்கே இலையுதிர் காலமாம். மரப்பலகையில் சீஸ், திராட்சை, பழுத்த இலைகள், நடுவில் இறைச்சித் துண்டுகள்.

உடனே கூப்பிட்டேன். "புரட்டாசி லா! இறைச்சியா வைக்கச் சொல்ற?"

"அது நேத்து இங்க வந்தவங்களுக்கு நான் அடுக்குனதும்மா. நீங்க அந்த இடத்துல முறுக்கு வைங்க."

"நீ சாப்பிட்டியா?"

"திராட்சை மட்டும்தான். மாசம் முழுக்க சைவம்மா."

இங்கே தெங்கேராவில் எங்களோடு இருந்தவரை, புரட்டாசியில் தோழி வீட்டில் கோழி தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவள் இவள்.

சப்பாத்திப் பலகையில் முறுக்கை அடுக்கினேன். உடைந்தவற்றை அவளுக்கென்று பழக்கத்தில் தனியே எடுத்தும் வைத்துவிட்டேன்.

அவளுக்கு வந்திருப்பது சாமி நினைப்பா, வீட்டு நினைப்பா? பிள்ளைகளைத் தூர அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.