நவம்பரில் விண்ணப்பித்தவர்கள்

கேட்டி என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டிலிருந்து பதினொரு சிக்னல் தாண்டினால் ஒரு நடுநிலைப் பள்ளி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அதைத் தமிழ்ப் பள்ளிக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்றோர் உணவுக்கூடத்தில் காத்திருப்பார்கள். அங்கே பதினெட்டு நீள மேசைகள். ஒவ்வொன்றிலும் மேசையோடு ஒட்டிய பன்னிரண்டு வட்ட இருக்கைகள், முதுகு சாய வழியில்லாதவை. வாசலிலிருந்து மூன்றாவது மேசையின் ஓர இருக்கை என்னுடையது. அந்த மேசையருகே, தன்னார்வலர்களுக்குத் தரும் நீலச் சட்டையும் கையில் வருகைப் பதிவு அட்டையுமாக என் பேத்தி வந்து நின்ற ஒரு டிசம்பர் ஞாயிறு இன்னும் என் கண்முன் இருக்கிறது. அப்போது அவளுக்கு வயது பதினேழு. அங்கே நின்று அவள் பேசியது நான்கே வாக்கியங்கள். அந்த நான்குக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டேன். இங்கே எனக்கு வேலை கிடையாது, கவலை உண்டு. மகன் ஃப்ரீவேயில் எத்தனை மைல் வேகத்தில் போகிறான், பேத்தி காலையில் எத்தனை வாய் சாப்பிட்டுவிட்டு ஓடினாள், மருந்து டப்பாவில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணி முடித்தால் கவலை கொஞ்சம் அடங்கும். உணவுக்கூடத்தில் அந்தப் பழக்கத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

அக்டோபர் பிறந்துவிட்டால் அந்த மேசைகளில் பேச்செல்லாம் கல்லூரி அனுமதிதான். பெயர் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுற்றுகள் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் முடியும் முதல் சுற்றை எர்லி டெசிஷன் என்பார்கள். அதில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கே போயே ஆக வேண்டும் என்று பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும். மற்றவர்களெல்லாம் ரெகுலர் என்னும் இரண்டாம் சுற்றில், ஜனவரியில் விண்ணப்பித்து வசந்தம் வரை காத்திருப்பார்கள். கல்லூரிகளே வெளியிடும் கணக்கைப் பார்த்தால், முதல் சுற்றில் இடம் பெறுவோரின் விகிதம் பல இடங்களில் இரண்டாம் சுற்றைவிடக் கண்ணில் படும்படி அதிகம். எங்கள் பெற்றோர்களுக்கு அது போதும். பின்வாசல் ஒன்று திறந்திருப்பதாகவே பேசிக்கொள்வார்கள்.

ஆறு வருட ஞாயிறுகளில் காதில் விழுந்ததையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தேன். நவம்பரில் விண்ணப்பித்ததாக எனக்குத் தெரிந்த பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அவர்களில் இடம் கிடைத்தவர்கள் இருபத்தாறு. மற்ற ஐந்து பேரின் செய்தி எப்படியோ வெளியே கசிந்திருந்தது. பேத்தி பள்ளியின் கடைசி ஆண்டுக்கு வந்த அந்த அக்டோபரில், ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் நோட்டைப் பிரித்து வைத்தேன்.

அவள் ஆசைப்பட்டது கிழக்குக் கரையில் ஒரு கல்லூரிக்கு. அவளுடைய ஒன்பதாவது வயதில் ஒரு புயல் மழையின்போது எங்கள் வீட்டுக்குள் பதினான்கு அங்குலம் தண்ணீர் நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு வானிலைப் படிப்பின்மேல்தான் கண். கோடை விடுமுறையில் அந்தக் கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே மொட்டை மாடியில் இருக்கும் மழைமானிகளைப் பற்றி இரண்டு வாரம் பேசினாள். ஆனால் முதல் சுற்றில் விண்ணப்பிக்கத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதாக எண்ணித்தான் நான் கணக்கைக் காட்டினேன்.

மகன் எட்டிப் பார்த்து, "முப்பத்தொண்ணுல இருபத்தாறா! அப்பா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றான்.

பேத்தி நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "தாத்தா, இதுல யூ ஆர் மிஸ்ஸிங் பீப்பிள்" என்றாள்.

"ஒருத்தரையும் விடலை. தேதி போட்டு வெச்சிருக்கேன்."

"கிடைக்காதவங்க உங்ககிட்ட வந்து சொன்னாங்களா? நோபடி டெல்ஸ், தாத்தா. அம்மா சொல்வாங்களா, கேளுங்க."

மருமகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான் எதுக்குச் சொல்லணும்? ரிசல்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுடும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் என் கணக்கு சரிந்தது. எங்கள் மக்களிடம் உள்ள வழக்கம் இதுதான். நவம்பரில் எங்கே விண்ணப்பித்தோம் என்பதை எவரும் வெளியே சொல்வதில்லை. கிடைத்தால் டிசம்பரில் இனிப்புப் பெட்டி வரும், நோட்டில் ஒரு பெயர் ஏறும். கிடைக்காவிட்டால், 'நாங்க ரெகுலர்லதான் போட்டிருக்கோம், மார்ச்ல தெரியும்' என்பார்கள். நவம்பரில் விண்ணப்பித்த சுவடே இருக்காது. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுக்காதீர்கள் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னவன், ஆறு ஆண்டுகள் இனிப்புப் பெட்டிகளை எண்ணியிருக்கிறேன். கல்லூரிகளின் விகிதத்தையும் பேத்தி விடவில்லை. விளையாட்டுக்காக முன்பே பேசி வைக்கப்பட்டவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் முதல் சுற்றுக் கூட்டத்தில்தான் அதிகம், அவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். அறைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கோபத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. என் வகுப்புகளில் படித்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் இவ்வளவு வேகமாக என் பிழையைப் பிடித்தவர் யாரும் இல்லை.

ஆனாலும் அவள் விண்ணப்பித்தாள். "உங்க நம்பருக்காக இல்ல. எனக்கு அங்கதான் போகணும், அதுக்காக" என்று என்னிடம் சொல்லிவிட்டே பொத்தானை அழுத்தினாள். மகனும் மருமகளும் கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் வீட்டுச் சுவர்களைத் தாண்டாது என்று மருமகள் நம்பினாள்.

அடுத்த ஞாயிறே தாண்டியது. எங்கள் மேசையில் ஓர் அம்மாள், வழக்கம்போலப் பதில் வராது என்ற நம்பிக்கையோடு, "எர்லி எங்கயாவது போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கேன் ஆன்ட்டி" என்று சொல்லி, கல்லூரியின் பெயரையும் சொல்லிவிட்டாள்.

மருமகள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள். எதிரே இருந்த திருநெல்வேலிக்காரர், எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், எல்லாரையும் கேலி செய்பவர், சும்மா இருப்பாரா?

"என்னம்மா, எலெக்‌ஷன்ல நிக்கப்போறவ மாதிரில்லா அனவுன்ஸ் பண்ணுத! டெபாசிட் போச்சுன்னா என்ன செய்வ?"

"அதையும் வந்து சொல்றேன் அங்கிள். தாத்தா நோட்ல அந்தப் பக்கம் அஞ்சு பேர்தான் இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் ஏழாவது சிக்னலில் மருமகள், "மாமா, உங்க நோட்டை நீங்க வீட்லயே வெச்சிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். கிடைக்காமல் போனால் குழந்தை ஊர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம் அன்றிலிருந்து என்னையும் பிடித்துக்கொண்டது. முடிவு வரும் நாள் வரை நாற்பது நாட்கள். ஒவ்வொன்றாகக் கழித்தேன்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தது. சமையலறை மேடையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் பின்னால். திரையில் வந்தது மூன்று பத்தி. முதல் பத்தியிலேயே 'வருந்துகிறோம்' இருந்தது. ஜனவரிச் சுற்றில் மறுபடி பார்ப்போம் என்றுகூட இல்லை. அவள் கணினியை மெதுவாக மூடிவிட்டு அறைக்குப் போனாள். நாற்பத்தேழு நிமிடம் கதவு திறக்கவில்லை. மருமகள் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை வீட்டில் முடிவானது: மறுநாள் தமிழ்ப் பள்ளிக்குப் போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். பிறகு விடுமுறை, மூன்று வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இதை முடிவு செய்தது நானும் மகனும் மருமகளும். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு ஒன்று நாற்பதுக்கு அவள் நீலச் சட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கார்ச் சாவி கையில் இருந்தது.

"வேணாம்டி கண்ணா" என்றாள் மருமகள். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. நான் டீச்சருக்கு மெசேஜ் பண்ணிடறேன்."

"அம்மா, ஐ டோல்ட் தெம் ஐ வுட் ஸே."

"யாரு கேக்கப் போறாங்க?"

"அதான். யாரும் கேக்க மாட்டாங்க."

மருமகள் உள்ளே போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "சாவியைக் குடு, நான் ஓட்டறேன்" என்றாள்.

விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு என்பதால் அன்று எல்லாரும் ஏதாவது சமைத்து எடுத்து வந்திருந்தார்கள். எங்கள் மேசையில் மட்டும் பத்தொன்பது பேர், ஏழு பேர் நின்றுகொண்டு. எங்களைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யாரோ புளியோதரையைப் புகழ்ந்தார்கள். பேத்தி வருகைப் பதிவு அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசையின் அருகே வந்து நின்றாள்.

"அங்கிள், எனக்கு அங்க கிடைக்கல. வெள்ளிக்கிழமை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எர்லிலதான் போட்டேன், ரெகுலர்ல இல்ல. தாத்தா, எழுதிக்கோங்க."

மூன்றாவது வாக்கியத்தில் குரல் ஓர் இடத்தில் உடைந்தது, உடனே சேர்ந்துகொண்டது. பிறகு அவள், நேரமாகிவிட்டது என்று, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லும் அவளுடைய சத்தம் கேட்டது. மருமகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்தேன். கிடைக்காதவர்கள் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன்.

நான்கு மணிக்கு எல்லாரும் கிளம்பும்போது திருநெல்வேலிக்காரர் காப்பி டிரம்முக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். முகத்தில் கேலி இல்லை.

"சார், என் பையனும் மூணு வருஷத்துக்கு முன்னால எர்லிதான் போட்டான். வரல. ரெகுலர்னு சொல்லிட்டோம். அவனையும் அப்படியே சொல்லச் சொன்னோம் சார். அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல. கூப்பிட்டா வேலை இருக்குங்கான்."

"எழுதிக்கவா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றவர், வாகன நிறுத்தத்துக்குப் போய்க் காரில் ஏறாமல் வெகுநேரம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் கார் திரும்பும்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஜனவரியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டத்தில் இல்லை, தனியாக. காப்பி ஊற்றும்போது ஒருவர், கோட்டு மாட்டும்போது ஒருவர். சிலர் நான்கு ஐந்து வருடத்துப் பழைய கதையைச் சொன்னார்கள். ஒரு டாக்டர் அம்மாள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்னார். மே மாதம் பள்ளி மூடும்போது முப்பத்தொன்று ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. கிடைத்தவர்கள் என்ற இருபத்தாறு மட்டும் அப்படியே நின்றது. பாதிக்கும் கீழே. இன்னும் சொல்லாதவர்கள் இருப்பார்கள், எனவே இதுவும் சரியான எண் அல்ல. ஆனால் என் வாழ்க்கையில் நான் எடுத்த கணக்கெடுப்புகளில் இதைப் போல ஒன்று தானாகத் தன்னைத் திருத்திக்கொண்டதில்லை.

பேத்தி இப்போது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. காரில் இரண்டரை மணி நேரம். வானிலைதான் படிக்கிறாள். ஊருக்குள் வெள்ளம் எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்று கணக்கிடும் ஒரு பேராசிரியரிடம் பகுதி நேர வேலையும் பார்க்கிறாள். அந்தக் கிழக்குக் கரைக் கல்லூரியைப் பற்றி நான் கேட்பதில்லை. ஒரு முறை அவளாகவே, "அங்க போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் தாத்தா" என்றாள். அதையும் மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. எனக்குப் பெருமைகள் சில உண்டு. எழுதிய பாடநூல் ஒன்று, வாங்கிய பதக்கம் ஒன்று, தவறாமல் பார்த்த வேலை. இவற்றையெல்லாம் ஒரு பக்கமும் அந்த நான்கு வாக்கியங்களை இன்னொரு பக்கமும் வைத்தால் எது கனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன மாதம், நவம்பர் முதல் ஞாயிறு, உணவுக்கூடத்தில் ஒரு பெண்மணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரவுண்ட் ராக் என்ற ஊரிலிருந்து சமீபத்தில் குடிவந்தவர், பேத்தியைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் அவருடைய மகள், நகத்தைக் கடித்தபடி.

"அங்கிள், நீங்கதானே நோட் வெச்சிருக்கறவர்? இவ எர்லி போட்டிருக்கா, நேத்துதான் அனுப்பினோம். இங்கெல்லாம் முன்னாடியே சொல்லிடுவாங்களாமே?"

"ஆமாம்மா" என்றேன். "இங்கே முன்னாடியே சொல்லிடுவாங்க."

பெயரைக் கேட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தால், எழுத இடமில்லை. கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று இரண்டு கட்டங்களே போட்டு வைத்திருந்தேன். அதுவரை முடிவு தெரியாமலே சொன்னவள் பேத்தி ஒருத்திதான்; அவளுக்குப் பிறகு இன்னொருவர் வந்து சொல்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெண்ணிடமே ஸ்கேல் கேட்டு வாங்கி, கோடு போட்டு மூன்றாவது கட்டம் ஒன்று பிரித்தேன். இன்றைய தேதிக்கு அதில் ஏழு பேர் இருக்கிறார்கள்.