செவலைக்கு ஊற வைத்த விதை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேரட் விதையை ஊற வைத்திருக்கிறேன். அதையும் என் மாமா குடித்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிண்டியில் பந்தயக் குதிரைகள் கட்டியிருந்த ஒரு லாயத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை என்பதால் அடையாறு ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் ஷீட் போட்ட வீட்டிலேயே எங்களோடு இருந்தார். விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். காலை பத்து மணிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் மறுபடி போவார். அவர் சட்டையில் புல்லும் குதிரை வியர்வையும் கலந்த வாசனை அடிக்கும். அம்மாவுக்கு அது நாற்றம். எனக்கு அது எங்கேயோ இருக்கிற ஒரு நல்ல ஊரின் வாசனை.

மாமா பார்த்துக்கொண்டது ஒரு பெண் குதிரை. பேப்பரில் அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர் போடுவார்கள். மாமா வைத்த பேர் செவலை. எந்தப் பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்று கேட்டால், "கேரட்டுன்னு சொன்னா" என்பார்.

நான் செவலையைப் பார்த்ததே இல்லை. சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் மாமா சொன்னதை வைத்து நானே ஒரு குதிரையைச் செய்து வைத்திருந்தேன். லீவு நாளில் மத்தியான வேளை தரையில் படுத்திருப்பேன். கூரை ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாக என் மேல் விழும். கண்ணை மூடினால் ஆற்றுக்குள் செவலை நடந்து வரும். அது கால் வைத்த இடத்தில் மட்டும் கறுப்புத் தண்ணீர் தெளிந்து, அடியில் மணல் தெரியும். எங்கள் வாசலுக்கு வந்து குனிந்து என் நெற்றியில் மூச்சு விடும். அந்த மூச்சின் சூட்டிலேயே தூங்கிப்போவேன்.

ஒரு திங்கட்கிழமை மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் ஓட விடும்போது செவலைக்கு முன்னங்கால் பிசகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். சரியாகிவிடுமா என்று நான் விடாமல் கேட்டேன். "நல்லா துன்னுச்சின்னா சரியாப் பூடும்" என்றார். அடுத்த இரண்டு நாளும் அது புல்லைத் தொடவில்லை, கேரட்டை மட்டும் கொஞ்சம் கடித்தது என்று தெரிந்தது. அதோடு என் கடமை எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் வாங்கும் நாலு கேரட் ஒரு குதிரைக்கு எந்த மூலைக்கு? நாமே பயிர் பண்ண வேண்டியதுதான்.

அம்மா வேலை செய்த பெசன்ட் நகர் வீட்டில் மொட்டை மாடித் தோட்டம் இருந்தது. நச்சரித்து நச்சரித்து அங்கேயிருந்து விதை கேட்டு வாங்கி வரச் செய்தேன். சனிக்கிழமை அம்மா பேப்பர் பொட்டலத்தோடு வந்தாள். அந்த வீட்டம்மா சொன்னதையும் அப்படியே ஒப்பித்தாள். கேரட் விதை சரியான சோம்பேறி. ஒரு ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால்தான் அசைந்து கொடுக்கும். காலையில் வடிகட்டி, மணலோடு கலந்து தூவ வேண்டும். மூன்று மாதத்தில் கேரட்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு அம்மா அரைக்கீரை போட்டிருந்தாள். அதில் பாதியை அழுது வாங்கினேன். உடைந்த கரண்டியால் மண்ணைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் சீரகத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, வெந்நீர் விளாவி ஊற்றி, ஜன்னலில் வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. என் திட்டத்தை முழுக்கச் சொன்னேன்.

"எத்தினி நாளு ஆவும் பாப்பா?"

"மூணு மாசம், மாமா."

"மூணு மாசமா" என்றார். அப்புறம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாகிறதே என்று கவலைப்படுகிறார் போல. அதற்காகத்தானே ஊற வைக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து ஜன்னலுக்கு ஓடினால், டம்ளரின் அடியில் நாலைந்து விதை ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாயுத் தொல்லை உண்டு. அம்மா தினமும் ராத்திரி சீரகம் ஊறப்போட்டு அடுப்பு மேடையில் வைப்பாள், காலையில் எழுந்ததும் குடிப்பார். அந்தத் தண்ணீர் என்று நினைத்து இதைக் குடித்துவிட்டாராம். அடுப்பு மேடையைப் பார்த்தேன். சீரக டம்ளரும் காலி. இரண்டையும் குடித்த தின்னிப்பண்டாரம் என்று கூடுதலாக ஒரு பாட்டம் அழுதேன்.

நாளைக்கே வேறு விதை கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள் அம்மா.

"வாணாங்க்கா. கேரட்டு வாணாம். வேற எதுனா போடட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உன்னாலதான் செவலை சாவப் போவுது" என்று கத்தினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு, கொயந்த சரியாத்தான் சொல்லுது" என்றார்.

அன்றே மாமாவோடு காய் விட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. அவர் தினமும் விரலை நீட்டி "பழமா?" என்று கேட்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்குள் அவர் லாயத்து வேலையை விட்டுவிட்டு ஆழ்வார்பேட்டையில் ஒரு ஃப்ளாட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். விதையைக் குடித்த வெட்கத்தில் செவலை முகத்தில் விழிக்க முடியவில்லை என்று முடிவு கட்டினேன். கடைசியில் ஒரு பொட்டலம் பரோட்டாவுக்கு நான் பழம் விட்டேன். செவலை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஓடுது" என்றார். நம்பினேன். என் மத்தியானத் தூக்கத்தில் அது உண்மையாகவே ஓடியது.

போன வருஷம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். செவலையின் கால் இனி தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் விதை ஊற வைத்ததற்கு முந்தின நாளே, வெள்ளிக்கிழமையே, ஊசி போட்டுவிட்டார்கள். அதன் உயிர் அடங்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது மாமாதான். அம்மாவிடமே அடுத்த வாரம்தான் சொன்னாராம்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை செவலைக்காக வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான். தரையில் புரண்டு, மத்தியானம்வரை அழுதேன். மாமா என்னைச் சமாதானம் செய்யவே இல்லை. அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தப்பு செய்தவர் வேறு என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.