அத்தை கட்டிய கணினி

எங்கள் வீட்டுக்குக் கணினி பேருந்தில் வந்தது. அதுவும் ஒரே நாளில் அல்ல. பொங்கல் கழிந்த வாரத்தில் வெறும் கேபினட் மட்டும் வந்தது. மாசியில் மானிட்டர். மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் பங்குனியில் வந்தன. கீபோர்டும் மவுஸும் வந்தது சித்திரைப் பிறப்புக்கு மறுநாள். முந்தைய நாள் சுட்ட போளியை அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்தேன் என்பதால் அந்த நாளில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற மாதங்களை அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். ஆண்டைப் பற்றி மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை என்கிறார் அம்மா. ஐந்தாம் வகுப்பு என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் முழு வாக்கியம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்ல எனக்கு ஐந்தாம் வகுப்பில்தான் வந்தது. இந்த நிகழ்ச்சியில் அப்படியொரு வாக்கியம் வருகிறது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால் அவளை வளர்த்துப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அப்பாதான். எங்கள் சொந்த ஊர் அடிவாரத்துச் சந்தவாசல். புளி வியாபாரத்துக்காக அப்பா ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்தவர். மலைக்காரர்களிடம் புளி வாங்கி, வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, வேலூருக்கு அனுப்புவார். அத்தை ஆரணியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் மலையேறுவாள். ஒவ்வொரு முறையும் அவள் மடியில் ஏதாவதொரு அட்டைப்பெட்டி இருக்கும். மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தியெடுத்தபோதும் மானிட்டர் பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை என்று கண்டக்டரே அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"முழுசா ஒண்ணு வாங்கியாந்தா ஆவாதா பாப்பா? இன்னாத்துக்குக் கறிக்கடையில வாங்கற மாதிரி கால் தனியா, தலை தனியா வாங்கினு வர்ற?" என்றார் அப்பா.

"நல்ல கறி வேணும்னா நீ கூடத்தான் எடத்தச் சொல்லி வெட்டச் சொல்ற. அதே மாதிரிதாண்ணா இதுவும்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். அத்தையிடம் பேசித் தோற்பதில் அப்பாவுக்கு அந்த நாட்களில் ஒரு பெருமை இருந்தது.

அத்தையின் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரீட்சை முடிவு பார்க்க வேண்டுமென்றால் அப்போது எங்கள் மலைப் பிள்ளைகள் பேருந்து பிடித்துக் கீழே இறங்க வேண்டும். சந்தை ரோட்டில் அப்பா சாக்கு போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, அங்கே கணினியை வைத்து, முடிவு பார்த்துத் தருவது, விண்ணப்பம் போட்டுத் தருவது என்று தொடங்கிவிட்டால் ஆரணி வேலையை விட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. இடையில் சந்தவாசலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தூரத்து உறவுதான், நல்ல குடும்பம், பம்புசெட்டும் கரும்பும் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கடைத்தெருவில் உட்காருகிற பெண் தங்களுக்கு ஒத்துவராது.

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தப் பந்தயத்தைக் கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பத்தாவது ரிசல்ட்ட இந்த வூட்டுல உக்காந்தே காட்டிடு பாப்பா. காட்டிட்டியா, சந்தை ரோட்டு ரூம் உன்னுது. சந்தவாசல்காரங்களுக்கு நானே போய் வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்."

"காட்டலைன்னா?"

"ஆவணில கல்யாணம்."

அத்தை சட்டென்று கையை நீட்டினாள். அப்பாவும் அடித்துக் கொடுத்தார்.

முடிவு வருவதற்கு முந்தைய வாரம் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் பழைய போர்வையை விரித்து, உதிரிகளைப் பரப்பி, பல்லில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு பூட்டத் தொடங்கினாள். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. பொழுது சாயும்போது விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, ஆரணியிலிருந்து கொண்டுவந்திருந்த மென்பொருள் சிடியைப் போட்டதும் திரையில் படம் வந்தது. ஆனால் எல்லாம் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பெரிதாக, விளிம்பெல்லாம் சொரசொரவென்று தெரிந்தன. பாட்டு போட்டால் சத்தமில்லை. தொலைபேசிக் கம்பியோடு வந்திருந்த மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தும் கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை.

"இன்னும் டிரைவர் போடலண்ணா, அதான்."

"அதான பாத்தேன். வண்டி வந்துடுச்சு, ஓட்டறவன் போளூர்லயே டீ குடிச்சினு கீறானா?"

நான் அத்தையிடம் தனியாகக் கேட்டபோது அவள் விளக்கினாள். "இதுக்கு உடம்பு வந்துடுச்சுடி. ஆனா தனக்குக் காது கீது, வாய் கீதுன்னு இன்னும் தெரியல. ஒவ்வொண்ணா நாமதான் சொல்லித் தரணும்."

மறுநாள் முழுக்க அவள் அந்தச் சொல்லித்தருதலில்தான் இருந்தாள். மதர்போர்டோடு வந்த சிடியைப் போட்டு, அதற்கென்று உள்ள வரிசையில் ஒன்றை முடித்து, அணைத்துப் போட்டு, அடுத்ததைத் தொடங்கினாள். திரையில் ஒரு பட்டியல் இருந்தது. அடையாளம் தெரியாத ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே மஞ்சள் குறி. ஒரு டிரைவர் போட்டு முடிந்ததும் ஒரு மஞ்சள் மறையும். படத்துக்கானது முடிந்தபோது திரை ஒரு கணம் இருண்டு, எழுத்துகள் சிறுத்து, துடைத்த கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. நான் கை தட்டினேன். சத்தத்துக்கானது முடிந்ததும் ஸ்பீக்கர் திடீரென்று கணீரென ஒலிக்க, யாரோ பாத்திரத்தைப் போட்டுவிட்டார்கள் என்று அம்மா ஓடி வந்தார். கடைசி மஞ்சள் நெட்வொர்க்கினுடையது. அதுவும் மறைந்தபோது அத்தை பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இப்ப இதுக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

ஆனால் முடிவுகள் வெளியாகும் பக்கம் திறக்கவில்லை. உள்ளே இருந்த மென்பொருள் பழையது, புதுப்பித்தால்தான் திறக்கும் என்று தெரிந்தது. முடிவு வரும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் அவள் அப்டேட்டைத் தொடங்கினாள். எங்கள் ஊர் இணையத்தில் அது இறங்கி முடியவே பிற்பகலாகிவிட்டது. பிறகு கணினி தானாக ஒருமுறை அணைந்து, நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு வந்து நின்று, இறங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே பொருத்தத் தொடங்கியது.

"நான் சந்தை ரோட்டுக்குப் போய், ரிசல்ட் நம்ம வூட்டுல பாக்கலாம்னு ரூம் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டு வந்துடறேன். யாரும் தொடக் கூடாது. நடுவுல நின்னா கெட்டுப்போய்டும். நீ இங்கயே உக்காரு" என்றாள் அத்தை. பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நான் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து காவல் காத்தேன். சற்று நேரத்தில் அப்பா வந்தார். என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா போட்டுக்கீது?"

நான் விரலை வைத்து ஆங்கிலத்தில் படித்தேன். பிறகு பொருளும் சொன்னேன்: அப்டேட் நடக்கிறது, கரண்டை நிறுத்தாதீர்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

"புடுங்கினா இன்னா ஆவும்?"

"கெட்டுப்போய்டுமாம்ப்பா. அத்தை சொன்னாங்க."

"நல்லாப் படிக்கறியே" என்று என் தலையைத் தொட்டார்.

அப்போது படவேட்டுப் பக்கமிருந்து இடி கேட்டது. தொலைவில், மரப்பெட்டியை இழுப்பதுபோல. மலையில் இருப்பவர்களுக்கு இடி என்றால் தனி பயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிவி வெடித்ததிலிருந்து முதல் இடிக்கே எல்லோரும் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவார்கள். அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அப்பா முதலில் "புளி, புளி" என்று கத்துவார். நாங்கள் வாசலுக்கு ஓடித் தார்ப்பாயின் நான்கு முனைகளையும் பிடித்துப் புளியை உள்ளே இழுப்போம். பிறகு டிவி. கடைசியாகத் தொலைபேசிக் கம்பி.

அன்று அப்பா கத்தவில்லை. நேராகக் குனிந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. விசிறி கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்து நின்றது. "இடி இடிக்குது" என்றார். பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டிவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நோட்டீஸ் ஒட்டிவிட்டுத் திரும்பிய அத்தை வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றாள். அவள் காலடியில் புளி அப்படியே வெயிலில் கிடந்தது. மழை வரவில்லை, அதற்குப் பிறகு இடியும் இல்லை. உள்ளே வந்து கறுத்த திரையைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த பிளக்கையும்.

"யாருடி புடுங்கனது?"

"அப்பா. இடி இடிச்சுதுல்ல."

"எழுதியிருந்தத நீ படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேனே. அர்த்தம்கூடச் சொன்னேன். நல்லாப் படிக்கறேன்னு சொன்னார்."

அவள் பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ ஒரு வரி வந்தது. கணினி தானாக அணைந்து மறுபடி வந்தது. மறுபடி அதே வரி. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அவளே அணைத்தாள். மாலையில் அப்பா திரும்பி வந்தபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா பண்றது, இடி வந்துடுச்சு" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றியபடி.

"ஆமாண்ணா" என்றாள் அத்தை. முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலையில் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எண்களோடு வந்த பிள்ளைகளை அவளே பேருந்தில் ஏற்றிக் கீழே அழைத்துக்கொண்டு போனாள். ஆவணியில் படவேட்டுக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கணினிக்கு அம்மா ஒரு பழைய புடவைத் துண்டைப் போர்த்தினார். அதை விற்கவும் அப்பா விடவில்லை, இடம் மாற்றவும் விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துணியை எடுத்துத் தானே துடைத்துச் சந்தனம் வைப்பார். தலை தீபாவளிக்கு அத்தை வந்திருந்தபோது, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "பாப்பா, அத ஒருக்கா பாத்துட்டுப் போயேன்" என்றார். "இருக்கட்டும்ண்ணா" என்று அத்தை அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அதற்குப் பிறகு அப்பா கேட்டதில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் கணினி ஒன்று அப்டேட்டின் நடுவே மின்வெட்டில் நின்றுவிட்டது. கறுப்புத் திரை, வெள்ளை வரி. அது போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆய்வக உதவியாளர் அவசரமே படாமல் ஒரு சிடியைப் போட்டார், சில கேள்விகளுக்குப் பதில் தட்டினார், தேநீர் குடிக்கப் போனார். வகுப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போது கணினி பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேருந்தைத் தவறவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று பிற்பகல் நடந்த ஒன்றை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா திரும்பி வருவதற்கு முன், அத்தை கணினியை அணைத்தபோது, அழுகையை அடக்கிக்கொண்டு அவளிடம் கேட்டேன்: "இனிமே சரி பண்ணவே முடியாதா அத்தை?"

"பண்ணலாம்டி. ராத்திரிக்குள்ள பண்ணிடலாம்" என்றாள். பிறகு அந்த மென்பொருள் சிடியை உறையில் போட்டு மூடிவிட்டு, புளியை அள்ள வாசலுக்குப் போனாள்.

நான் அழக் கூடாது என்பதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மனம் மேலும் நோகக் கூடாதே என்று நம்பியதுபோலத் தலையாட்டினேன்.