காலையில் மட்டும் மிஸ்ஸிங்

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடிப்போனால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவர்கள் ஓசூரில் ஏராளம். லியோ அவர்களில் ஒருவர். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு அவர் வேலை. அவர் வைத்திருந்த காரிலோ ஒரு கதவை மூடினால் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். மறு கதவு உரசிக்கொண்டுதான் மூடும். இரண்டே கதவுதான், சராசரி எடுத்தால் சரியாக வருகிறது என்பார்.

மணப்பாறைக்காரர். ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று ஓசூருக்கு வந்தவர். அப்படி வந்தவர்களால்தான் இந்த ஊரே நிரம்பியிருக்கிறது. பாகலூர் சாலைப் பக்கம் வீடு கட்டினார். காரே இல்லாத காலத்தில் கார் ஷெட் கட்டினார். ஷெட் சும்மா கிடக்கிறதே என்று பெங்களூரில் ஒருவரிடம் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். வேறொரு காரின் எஞ்சின், அகலமான டயர், பழைய பாயிண்டை எடுத்துவிட்டுப் போட்ட எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்று முந்தைய உரிமையாளர் அதில் மாற்றாமல் விட்டது நிறம் ஒன்றைத்தான்.

லியோவின் மனைவி ஜாஸ்லின் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். லேஅவுட் முழுக்க அவர் கேக்கில்தான் பிறந்தநாள். பெரிய ஓவன் வாங்க வேண்டும், அதை வைக்க ஷெட் வேண்டும். ஆயுத பூஜை முடிந்த கையோடு கார் மக்கர் செய்யத் தொடங்கியபோது அவர் வருத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது.

மத்தியானம் கார் குதிரை மாதிரி ஓடும். காலைப் பனியில் எடுத்தால் மிஸ்ஸிங் அடிக்கும். இருமிக்கொண்டே தெருமுனை வரை போய் நிற்கும். அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் வந்து தள்ளுவார்கள். அவர்களில் பாதிப் பேர் லியோ கையெழுத்துப் போட்டால்தான் தங்கள் சரக்கை அனுப்ப முடியும் என்பதால் முகம் சுளிக்காமல் தள்ளினார்கள்.

ஜாஸ்லின் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏங்க, வர்ற ஞாயித்துக்கெழமை தம்பி கொழந்தைக்கு ஞானஸ்நானம். அம்மா வீட்டுக்கு இதுலதான் போறோம். தள்ளாம நாகரசம்பட்டி போய்ச் சேந்துட்டா வண்டி இருக்கட்டும். ஒரு தடவ தள்ளுனாலும் வண்டி இரும்புக் கடைக்கு, ஷெட்டு எனக்கு."

"சரி," என்றார் லியோ. கம்பெனியில் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு பழகியவர்.

ஷெட் சுவரில் சாக்பீஸால் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்தார். ஒவ்வொரு முள்ளும் ஒரு சந்தேகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைச் சோதி என்பது கம்பெனி விதி. பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். பிளக் வயர்களை மாற்றினார். நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் மாற்றினார். எதை மாற்றினாலும் மத்தியானம் பாஸ், காலையில் ஃபெயில்.

மாற்றித் தந்தவர் முனீஸ்வரன். அதே கம்பெனியில் எலெக்ட்ரீசியன், தேன்கனிக்கோட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, நண்பர்களிடம் தமிழ், நகராத வண்டிகளிடம் கன்னடம். வண்டிக்கு அதுதான் உறைக்கும் என்பது அவர் கட்சி. கம்பெனிக்குள் லியோவை 'சார்' என்பார். வாசலைத் தாண்டினால் 'லியோ'.

ஆயுத பூஜையன்று பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமுமாக வந்து காருக்குப் பொட்டு வைத்தவரும் அவர்தான். ஸ்டீயரிங்கில் வைத்தார், சக்கரங்களில் வைத்தார். அப்புறம் பானட்டைத் திறந்தார். "உசுரு உள்ள இருக்குது, பொட்டு மட்டும் வெளிய எதுக்கு?" என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நெற்றியிலிருந்து தாடை வரை தாராளமாக இழுத்துவிட்டார். கம்பெனியில் ரோபோவுக்கே பொட்டு வைக்கிறார்கள். லியோவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பங்குச் சாமியாரிடம் காரைக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து வாங்கியபோது முனீஸ்வரனும் கூடப்போய்க் கைகட்டி நின்றவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் லியோவுக்கு ஒரு யோசனை வந்தது. "காலைலதான வம்பு பண்ணுது? இப்பவே காலைய உண்டாக்கிப் பாப்போம்."

லியோவும் முனீஸ்வரனும் காரை வாசலுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஜாஸ்லின் எஞ்சின் மேல் லேசாகப் பனி பெய்வித்தார். கார் இருமியது. தீப்பொறி எங்கேயாவது கசிந்தால் இருட்டில்தான் தெரியும் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் குனிந்தார்கள். தெருவில் போனவர்கள் மூவரும் சேர்ந்து காருக்கு ஆவி பிடிக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

கம்பளிக்குள் நீல நிறத்தில் ஒரு நூல் மூடியின் உச்சியில் எழுந்து, கீழே இரும்புக்கு ஓடி ஓடி மறைந்தது.

"முனீஸண்ணா," என்றார் ஜாஸ்லின், "உங்க பொட்டு வழியாத்தான் போவுது."

எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஈரம் குடித்த சந்தனத்தைப் பிடித்துக்கொண்டு, பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் குறுக்கே இறங்கியிருக்கிறது.

"பழைய மூடியத்தான் மாத்திட்டமே," என்றார் லியோ.

முனீஸ்வரன் கழுத்தைச் சொறிந்தார். "புதுச் சாமான வெறுமன எப்பிடி மாட்டறது? பொட்டு வெச்சித்தான் மாட்டனன்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் லியோ.

"பாத்தவரு கேக்கலாமில்ல?"

"உங்க சாமி விஷயம். அத எப்பிடிப் படத்துல போடறது?"

மீன் முள் படத்தில் எல்லாவற்றுக்கும் முள் இருந்தது, மரியாதைக்கு மட்டும் இல்லை.

இனி யார் துடைப்பது? வைத்த கையாலேயே அழிக்க மாட்டேன் என்றார் முனீஸ்வரன். நான் தொட்டால் நன்றாக இருக்காது என்றார் லியோ. ஞாயிறு வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் ஷெட் ஜாஸ்லினுக்குத்தான். ஆனால் ஒரு கறையையும் ஒரு துணியையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது. பளபளவென்று துடைத்துவிட்டு, காற்று வடிகட்டி மேல் தட்டைக் காட்டினார். "இங்க வெச்சிக்கங்கண்ணா. இதுல வெறும் காத்துதான் போவுது." முனீஸ்வரன் அங்கே முன்னைவிடப் பெரிதாக வைத்தார்.

ஞாயிறு அதிகாலை பனி கொட்டியது. சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் நிற்காமல் போனதில் ஞாயிறு ஷிஃப்டுக்கான பஸ்சுக்கு நின்றவர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம். சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஜாஸ்லின் சாவியைக் கேட்டார். "நேர் ரோடுதான? குடுங்க." மேலுமலை ஏற்றத்தில் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினார். லியோ கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செபம் சொன்னார்.

நாகரசம்பட்டியில், அம்மா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் கார் ஒருமுறை குலுங்கி நின்றது.

லியோ இறங்கி ஓடி பானட்டைத் திறந்தார். பிளக்கைக் கழற்றி, ஜாஸ்லினைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தார். தீப்பொறி அருமையாக வந்தது.

"பெட்ரோல் இருக்குதா?" என்றார் ஜாஸ்லின் உள்ளேயிருந்து.

டேங்க் காலியானாலும் பாதி என்று காட்டும் முள் அந்தக் காரில். குச்சி விட்டு அளந்து பார்ப்பதுதான் லியோவின் வழக்கம். அந்த வாரம் முழுக்கத் தீப்பொறியையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது விட்டுப்போயிற்று.

மச்சினனும் விருந்துக்கு வந்தவர்களும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஜாஸ்லின் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சொந்தக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தபடி ஊர்வலமாக வந்தார்.

வாசலில் நின்ற அவர் அம்மா லூர்தம்மாள், "என்னாடி, வண்டி நின்னு போச்சா?" என்றார்.

"எங்க நின்னுதும்மா? பெட்ரோல் தீந்துது."

லியோ பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "தள்ளியாச்சு, ஜாஸ்லின். கண்டிஷன் கண்டிஷன்தான்." தன் சரக்கானாலும் ரிஜெக்ட் செய்துதான் அவருக்குப் பழக்கம்.

"ஓட்டுனது யாரு?"

"நீதான்."

"நான் ஓட்டுனப்ப நின்னா அது கணக்குல வராது."

"அப்ப ஓவன்?"

"ஹால்ல வெச்சிக்கிறேன். சோபாவத் தூக்கி ஷெட்டுல போட்டு நீங்க அங்கயே ஒக்காந்துக்கங்க," என்று சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்ரோல் வாங்கிவரத் தம்பியை அனுப்பினார்.